ரங்கப்பன் மெஸ் தகராறு

ஆகஸ்ட் 5, திங்கள்

மிக்ஸி புகைந்துவிட்டது. சட்னி இல்லாமல் இரண்டு தோசை. ஆறரைக்கு ரேடியோ ஸ்டேஷன்.

இன்றைக்குத் தயாவிடம் திட்டு வாங்கியவர்களில் ஒருவருக்காவது கோபம் வந்ததா என்றால் இல்லை. ஒரு அம்மா கடைசிவரை சிரித்துவிட்டு, "நல்லா வையறீங்க தம்பி, அப்படியே அந்தப் பாட்டையும் போட்டு உடுங்க" என்றாள். ஈரோட்டுக்காரர்களைச் சீண்டுவதற்கென்று தனியாகப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும். எதைச் சொன்னாலும் 'சரிங்க'.

எங்கள் நிகழ்ச்சி 'காலைக் காரம்'. காலை ஏழு மணி முதல் 'டமாரம்' தயா என்கிற தயாளன் மைக் முன்னால் உட்கார்ந்து ஊரைத் திட்டுவான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வருகிற போனையெல்லாம் எடுப்பது, யாரை லைனில் விடுவது, யாரை எப்போது வெட்டுவது எல்லாம் நான். அவன் ஹெட்போனில் நான் பேசுவது அவனுக்கு மட்டும் கேட்கும். தயாவுக்கு என்ன டைமிங் என்று ஊர் மெச்சுகிறதே, அந்த டைமிங் மாதச் சம்பளத்துக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

மைக் அணைந்ததும் அவனுக்கு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். "வாணி, அந்தம்மா மனசு கஷ்டப்பட்டிருக்குமுங்களா?" என்று டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டான். இந்தப் புழுவைத்தான் ஆட்டோ முதுகில் சிங்கம் போல வரைந்திருக்கிறார்கள்.

எதிர் ஸ்டேஷனில் 'வேட்டு' வினோத். அவன் இன்றைக்கு, "டமாரத்துக்கு உள்ளே என்னங்க இருக்கும்? காத்துதானே?" என்று கேட்டுவிட்டு, காற்றுப் போகிற சத்தம் வேறு போட்டானாம். எங்கள் ஸ்டேஷன் தலைவர் குருபரன் அதைப் பதிவு செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "நமக்கு உரசல் வேணும்பா. தீ பத்தணும்" என்றார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஊரில் எல்லாமே அவருக்கு ஈர விறகாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

'ஊரிலேயே மட்டமான பிரியாணி எங்கே?' என்பது இன்றைய தலைப்பு. வழக்கம்போல எல்லோரும் நல்ல பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது சித்தோட்டிலிருந்து ஒரு போன்.

"ஏனுங், ரங்கப்பன் மெஸ்ஸுன்னா எங்களுதுங்க. ஈஸ்வரன் பேசறனுங்க."

"பக்கத்துலயே இன்னொரு ரங்கப்பன் மெஸ் இருக்கே?" என்றேன்.

"அது என்ற அண்ணனுதுங்க. அதைப் பத்திப் பேச வேண்டாமுங்க."

பேச வேண்டாம் என்று ஒருவர் சொல்கிற இடத்தைத்தான் தோண்ட வேண்டும். அவரை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு மெஸ்ஸின் நம்பரைத் தேடி எடுத்து அண்ணன் நல்லசிவத்தைக் கூப்பிட்டேன். இருவரையும் ஒன்றாக லைனில் விட்டேன். தயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் யோசிப்பான்.

"யாருங்க அது... ஈசுவரனா?"

"ஆமாண்ணா."

பிறகு அண்ணன், "சளி புடிச்சிருக்கா? கொரலு ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

காரியம் கெட்டுப்போகப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாவின் முகம் வேறு கல்யாண ஆல்பம் பார்க்கிற முகமாக மாறிக்கொண்டிருந்தது. "எது அசல்னு கேள். இப்பவே" என்றேன் அவன் காதில்.

கேட்டான். "பாசமெல்லாம் வீட்டுல! ரங்கப்பன் மெஸ்ஸுல எது அசல், எது டூப்ளிகேட்டு?"

"எங்கப்பன் கரண்டிய என்ற கையிலதான் குடுத்தாரு" என்றார் அண்ணன்.

"கரண்டியக் குடுத்தாரு. கஞ்சி ஊத்துனது யாரு? என்ற பொண்டாட்டி" என்றார் தம்பி.

அப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் பேசாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினார்கள். 'ங்க' எங்கே போயிற்றோ.

முடிந்ததும் தயா, "பாவமுங்க வாணி" என்றான். குருபரன் இனிப்பு வாங்கி வந்தார். தயாவுக்குத்தான் ஊட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

வினோத் மூத்தவர் நல்லசிவத்தைத் தன் நிகழ்ச்சிக்குப் பிடித்துவிட்டான். 'மூத்தவர்தான் அசல்' என்று ஒரு மணி நேரம். அதனால் தம்பி எங்களுக்கு. இனி தினமும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஊர் இரண்டாகிவிட்டது. சித்தோட்டில் காலேஜ் பையன்கள் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு எதிர் மெஸ்ஸைப் பார்த்து ஊளையிட்டு விட்டுப் போகிறார்களாம். யாரோ அண்ணன் மெஸ் போர்டில் சாணி அடித்திருக்கிறார்கள். வினோத் அதற்கு, "சாணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு டமாரத்துக்குத்தான் தெரியும்" என்றான். நான் எழுதிக் கொடுத்த பதிலைத் தயா சொன்னான்: "வேட்டுக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது, இருக்கற இடம் அப்படி." நல்ல வரி. அவன் வாயில் போய் வீணாயிற்று. கடைசிச் சொல்லை முழுங்கிவிடுகிறான்.

நானும் ஒரு காலத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து குரல் பரிசோதனை கொடுத்தவள்தான். அப்போதிருந்த தலைவர் கேட்டுவிட்டு, "குரல்ல ஈரம் இல்லம்மா. ஆனா தெளிவா இருக்கு. போன் எடுக்கலாம்" என்றார். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஈரமான குரல்காரர்களைத்தான் தினமும் பார்க்கிறேனே.

ஆகஸ்ட் 17, சனி

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரன் லைனில் காத்திருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உங்க அண்ணன் அந்த ஸ்டேஷன்ல உங்க வீட்டம்மாவைப் பத்தி ஏதோ பேசினாராம்" என்றேன். 'பேசினாராம்' என்றுதான் சொன்னேன். பேசினார் என்று சொல்லவில்லை.

மனிதர் வெடித்துவிட்டார். "அவன் புள்ளைக்கு ஆவணியில கல்யாணமுங்க. நான் அந்தத் திக்குல திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அவ எப்படி வாழ்ந்துர்றான்னு நானும் பாக்கறேன்!"

சொன்ன கையோடு, "அய்யோ, அதை உட்ருங்க அம்மிணி, கோவத்துல வந்துருச்சு. புள்ளைய ஏன் சொல்லோணும்" என்றார்.

லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்தேன். இன்றைக்குப் போடவில்லை. எதற்கும் ஒரு நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

மிக்ஸி ரிப்பேர் ஆகாதாம். புதிது வாங்கச் சொல்கிறான் கடைக்காரன்.

தாராபுரத்திலிருந்து அக்கா போன். அவள் மகளுக்குச் சீர் விசேஷம் வைத்திருக்கிறார்கள். "சித்தி வந்தாத்தான் ஆச்சுன்னு உக்காந்திருக்கறா. பழசையெல்லாம் நெனச்சுட்டு இருக்காத, வந்துரு" என்றாள். லீவு இல்லை என்றேன். லீவு நிறைய இருக்கிறது. ஆனால் போய் உட்கார்ந்து, எல்லோரும் நல்லா இருக்கியா நல்லா இருக்கியா என்று கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. தயா இன்று ஒரு வயசானவரைத் திட்டச் சொன்னதற்கு, "சாப்டாச்சா தாத்தா" என்று கேட்டு வைத்தான். வெட்கக்கேடு.

செப்டம்பர் 3, செவ்வாய்

நிகழ்ச்சி தொடங்குமுன் ஈஸ்வரன் போன். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மிணி, ஒரு நல்ல சேதிங்க. நேத்து மத்தியானம் என்ற அண்ணன் மவ நேரா எங்க மெஸ்ஸுக்கு வந்து இலை போட்டு உக்காந்துட்டாளுங்க. 'சித்தப்பா, நீ வராம நான் மணவறை ஏற மாட்டேன்'ன்னு. நான் என்னங்க பண்றது? பரிமாறிட்டே அழுதுட்டேன். ராத்திரி அண்ணன் வந்தாரு. எல்லாம் சமாதானமாயிருச்சுங்க. வெள்ளிக்கிழமை கல்யாணம். இனி எங்களை ரேடியோவுல கூப்பிட வேண்டாமுங்க. டமாரம் தம்பிகிட்டச் சொல்லிருங்க. அவரையும் கூட்டிட்டு நீங்களும் கல்யாணத்துக்கு வரோணும்."

"சொல்லிடறேன்" என்றேன்.

மனிதர்கள் எவ்வளவு மலிவாகத் தீர்ந்துபோகிறார்கள்! ஒரு பெண் வந்து ஓர் இலை போட்டால் போதும். இத்தனை நாள் ஊரே கட்டி எழுப்பிய சண்டை.

தயா கேட்டான்: "இன்னைக்கு ஈஸ்வரன் போன் பண்ணலீங்களா?"

"இல்லை."

மத்தியானம் குருபரன் அறையில் கூட்டம். வினோத்துக்கு ஆள் கூடுகிறதாம், கல்யாணத்தன்று அவன் பெரிதாக ஏதோ வைத்திருக்கிறானாம். "நம்மகிட்ட என்னப்பா இருக்கு?" என்று தயாவைப் பார்த்துக் கேட்டார். தயா விழித்தான். என்னைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

எட்டு மணிச் செய்தி முடிந்ததும் தயா காதில், "ஈஸ்வரன்கிட்ட இருந்து ஒரு பதிவு இருக்கு. புதுசு. போடறேன்" என்றேன். தலையாட்டினான். கேட்டிருந்தால் விவரம் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

போட்டேன். 'அவ எப்படி வாழ்ந்துர்றான்னு நானும் பாக்கறேன்!' முகூர்த்த நாள் காலையில், அந்தக் குரலில், சும்மா சொல்லக் கூடாது, சுரீரென்று இருந்தது. குருபரன் உடனே வாட்ஸ்அப்பில் விட்டார். வினோத் வைத்திருந்ததாகச் சொன்ன பெரிய விஷயம் வெறும் வாழ்த்துப் பாட்டுதானாம். அற்பன்.

பத்தரைக்குள் சேதி வந்துவிட்டது. பவானியில் மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கையில் எல்லாம் போன். சீர்த்தட்டோடு படியேறிய ஈஸ்வரனை மறித்து, "சாபம் விட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்தே?" என்றிருக்கிறார்கள். அவர் அண்ணனைப் பார்த்திருக்கிறார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ தள்ளினார்கள். படியில் உருண்டதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மணமகள் எழுந்து வெளியே ஓடி வந்தாளாம். போலீஸ் ஜீப் வாசலில் நிற்க, தாலி கட்டினார்கள்.

மணிக்கட்டுதானே. மாவுக்கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும்.

இன்று துணி துவைக்க வேண்டிய நாள். துவைக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

தயா நேற்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். இன்று வந்ததும் நேரே என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பதிவின் தேதியைப் பார்த்தான்.

"இது பழைய பதிவுங்களே வாணி."

"ஆமாம்."

"புதுசுன்னீங்க."

"அதுவரை ஒலிபரப்பாத பதிவு புதுசுதானே?"

பிறகு, "சமாதானமாயிட்டோம்னு போன் பண்ணிச் சொன்னேங்கறாரு ஈஸ்வரன். யாரோ ஒரு அம்மிணி எடுத்தாங்களாமா" என்றான்.

"தினமும் எத்தனையோ போன் வருது."

என்னைப் பார்த்தான். வைவான் என்று நினைத்தேன். ஊரையே வைகிறவன், எனக்கென்று ஒரு வார்த்தை கூட அவனிடம் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

செப்டம்பர் 9, திங்கள்

தயா மைக்கைத் திறந்து, நான் எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்தான். "அந்தப் பதிவு பழசுங்க. விசாரிக்காம போட்டது நான். அந்தப் புள்ளைகிட்டயும், அவங்க அப்பன் சித்தப்பன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். எனக்கு இந்த வேலை வேண்டாமுங்க" என்றான். மைக் திறந்திருக்கும்போது அவன் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹெட்போனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். பாட்டைப் போட்டு நான்தான் நிரப்பினேன்.

என் பெயரைச் சொல்லவில்லை. பெருந்தன்மையாம். அதையும் ஒரு வேஷமாக ஊர் கொண்டாடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

செப்டம்பர் 11, புதன்

கொண்டாடுகிறார்கள். வினோத்கூட அவனைப் பாராட்டினான். சகிக்கவில்லை.

குருபரன் கூப்பிட்டார். "வாணி, அந்த வரியெல்லாம் நீதான் எழுதினேன்னு எனக்குத் தெரியும். உன் குரல்ல ஒரு கத்தி இருக்கு. நீயே உக்காரேன்" என்றார்.

அன்றைக்கு ஈரம் இல்லாத குரல், இன்றைக்குக் கத்தி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். லிஃப்டுக்குப் போவதற்குள் திரும்பி வந்து சரி என்றேன். சாயங்காலம் புது மிக்ஸி வாங்கினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

முதல் நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான். போன் எடுக்கப் புதிதாக ஒரு பெண், ரம்யா. குருபரன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

நன்றாகவே போனது. ஓடிப்போன டமாரத்தைக் கிழித்தேன். வினோத்தைக் கிழித்தேன். கடைசிச் சொல்லை ஒருதடவைகூட முழுங்கவில்லை. ஒன்பது மணிக்கு ரம்யா ஒரு போனை விட்டாள்.

"வணக்கமுங்க. சித்தோடு ஈஸ்வரன் பேசறனுங்க. டமாரம் தம்பி இல்லீங்களா?"

"அவர் அழுதுட்டே வீட்டுக்குப் போயிட்டார். நான் வாணி. சொல்லுங்க."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்தக் கொரலு எனக்குத் தெரியுமுங்களே. அன்னைக்குக் கல்யாணத்துக்கு வாங்கன்னு சொன்னேன். 'சொல்லிடறேன்'னீங்க. நீங்கதானுங்களே?"

கை தானாக வெட்டுகிற பொத்தானைத் தேடியது. அது இந்தப் பக்கம் இல்லை. ரம்யா கைவைக்கப் போனாள், குருபரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் காதில் அவர் குரல்: "வெட்டாத. பேசு. லைனெல்லாம் நிறையுது."

"எனக்கு அப்படி எந்தப் போனும் வரலை" என்றேன்.

"அப்படீங்களா?" என்றார் ஈஸ்வரன். "சரிங்க. அப்ப நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல. எதுக்குக் கூப்பிட்டேன்னா, டமாரம் தம்பி ஆஸ்பத்திரியில வந்து ரொம்ப அழுதாருங்க. அவருக்குச் சேதி போகோணும். நாங்க நல்லாருக்கோம். என்ற அண்ணன் இங்கதான் இருக்காரு. ஒரு நிமிசமுங்க..."

போன் கை மாறியது. மூத்தவர் குரல். "அம்மிணி, நான் நல்லசிவம் பேசறேன். எம்புள்ள மறுவீட்டுக்கு வந்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு நல்லா வைஞ்சுட்டுப் போனா. தப்பு எங்க பேருலயும் இருக்குதுங்க, வாயக் குடுத்தது நாங்கதானே. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. ஒருக்கா நம்ம மெஸ்ஸுப் பக்கம் வாங்க அம்மிணி. சாப்பிட்டுப் போலாம்."

வைதிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் வெட்டிய இடைவெளிகளையெல்லாம் சேர்த்தால்கூட என் அந்த மௌனத்தின் நீளம் வராது. கடைசியில் ரம்யாதான் விளம்பரம் போட்டாள்.

குருபரன் உள்ளே வந்து கைகொடுத்தார். "அந்த மௌனம் பிரமாதம்!" என்றார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வினோத் காலையிலிருந்து அதையே போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குச் 'சொல்லிடறேன் வாணி' என்று பெயர் வைத்திருக்கிறான். அவன் தரத்துக்குப் பரவாயில்லாத பெயர்தான். குருபரன் அதையே நிகழ்ச்சிக்குப் பெயராக வைக்கலாம் என்கிறார்.

செப்டம்பர் 21, சனி

நிகழ்ச்சி முடிந்து ஸ்கூட்டியை எடுத்தேன். நசியனூர்ப் பக்கம் ஒரு வேலை இருந்தது. வேலை முடியாததால் சித்தோடு வழியாக வந்தேன்.

இரண்டு மெஸ்ஸுக்கும் நடுவில் இருந்த தட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரே கூட்டம். அப்போது எனக்குப் பசிதான், வேறு ஒன்றுமில்லை. ரேடியோக்காரியின் முகம் யாருக்குத் தெரியப்போகிறது? சுவரோரம் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

மூத்தவர் கல்லாவில். இளையவர், வலது கையில் கட்டோடு, இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"என்னங்க சாப்பிடறீங்க அம்மிணி?"

வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

பக்கத்து இலையில் இருந்த பிரியாணியைக் காட்டினேன். ஒன்று என்று விரலைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்த பார்வை மெல்ல மாறியது. "அடடா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அதற்கப்புறம் அவரும் பேசவில்லை. இடது கையால், போதுமா என்று சைகை. இன்னும் கொஞ்சம் என்று அவராகவே சைகை. தயிர் வெங்காயத்தைச் சுட்டிக்காட்டி, வேண்டுமா என்று புருவத்தால் கேட்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "பாவம், வாய் பேச வராது போலருக்குது. பாத்துக் கவனிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இலையை மடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

பிரியாணியில் உப்பு ஒரு கல் கூடுதல். சொல்லியிருப்பேன்.